ப்ராஜெக்ட் யாருடையது? இளங்கலை ஆய்வும் அதன் வழிகாட்டியும்

எங்கள் கல்லூரியில் இளங்கலை மாணவர்களின் ஆய்வுக்கும் படைப்புக்கும் ஒரு பாராட்டு நாள் வைக்கலாம் என்று பேச்சு வந்தது. குழுவில் என்னையும் போட்டார்கள். முதல் கூட்டத்திலேயே பட்டியல் தயார்: சால்வை, கேடயம், சான்றிதழ், மதியம் பிரியாணி. திண்டுக்கல் பக்கம் பிரியாணி இல்லாமல் எந்தத் தீர்மானமும் நிறைவேறாது, அதில் எனக்கும் ஆட்சேபம் இல்லை. யாருக்கு, எதற்காக, எப்படித் தேர்ந்தெடுத்து என்று கேட்டேன். "அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம் சார், மொதல்ல தேதி முடிவு பண்ணுவோம்" என்றார்கள்.

நான் ஒரு குறிப்பு எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். அந்தக் குறிப்பு நீண்டுகொண்டே போய்விட்டது. குழுவுக்குக் கொடுத்தது இரண்டு பக்கம்தான். மீதியை இங்கே எழுதி வைக்கிறேன். இளங்கலை ஆய்வு என்றால் என்ன, அதை ஏன் பாராட்டணும், கூட நின்ற ஆசிரியரை ஏன் கணக்கில் சேர்க்கணும், சேர்க்காவிட்டால் என்ன ஆகிறது, இவைதான் விஷயம். நான் இதில் நடுநிலை ஆள் இல்லை என்பதையும் முதலிலேயே சொல்லிவிடணும். காரணம் கீழே.

மூன்றாம் அத்தியாயத்தில் ஈரோடு

எனக்குச் சொந்த ஊர் அய்யலூர். திண்டுக்கல்லில் இருந்து திருச்சி போகும் நெடுஞ்சாலையில் வடமதுரை தாண்டினால் வரும். லாரிக்காரர்கள் வண்டியை ஓரங்கட்டி வண்டிக்கருப்பணசாமியைக் கும்பிட்டுவிட்டுப் போகிற ஊர் என்றால் பலருக்குத் தெரியும். வியாழக்கிழமை ஆட்டுச் சந்தை. தக்காளிக்குத் தனிச் சந்தை. அப்பா தக்காளி மண்டியில் வேலை பார்த்தார்.

இளங்கலைப் பொருளாதாரம் மூன்றாம் வருடம் ப்ராஜெக்ட் வைக்கச் சொன்னார்கள். அப்போது எங்களுக்குத் தெரிந்த ப்ராஜெக்ட் என்பது ஜெராக்ஸ் கடையில் கிடைப்பது. பழைய கோப்பு ஒன்றைத் திறந்து பேரை மாற்றி, ஊரை மாற்றி, ஸ்பைரல் போட்டுக் கொடுத்துவிடுவார்கள். நானும் அப்படி ஒன்றை வாங்கிக்கொண்டு போய் எங்கள் கைடு மேடத்திடம் நீட்டினேன். தலைப்பில் திண்டுக்கல் மாவட்டம். முன்னுரையில் திண்டுக்கல் மாவட்டம். மேடம் பக்கத்தைப் புரட்டிக்கொண்டே வந்து மூன்றாம் அத்தியாயத்தில் நிறுத்தினார்.

"ஏம்ப்பா, ஈரோடு எப்ப திண்டுக்கல்லுக்குள்ள வந்துச்சு?"

கடைக்காரர் ஓர் இடத்தில் மாற்ற மறந்திருக்கிறார். எனக்குக் காது சூடாகிவிட்டது. திட்டுவார் என்று நின்றேன். அவர் கேட்டது வேறு: "உங்க அப்பா என்ன பண்றாரு?"

"தக்காளி மண்டில மேடம்."

"அப்பறம் என்ன? நாளைல இருந்து காலைல அங்க போய் நில்லு. என்ன வெலைக்குப் போகுதுன்னு எழுதிட்டு வா. ஒரு மாசம்."

அந்த நோட்டுதான் நான் முதன்முதலில் செய்த ஆய்வு. தினமும் ஒரு பெட்டி என்ன விலை என்று ஓர் எண் எழுதினேன். பத்து நாள் கழித்துக் கொண்டுபோய்க் காட்டினேன். மேடம் சிவப்புப் பேனாவில் ஒவ்வொரு எண்ணுக்குப் பக்கத்திலும் கேள்விக்குறி போட்டார். இது எத்தனை மணி விலை? யார் சொன்னது, விற்றவரா வாங்கினவரா? எந்தத் தரம்? மறுநாள் போய் நின்று பார்த்தால், விடியலில் ஒரு விலை, வெயில் ஏறினதும் ஒரு விலை. நல்ல காய்க்கு ஒன்று, கீறலுக்கு ஒன்று. விவசாயி சொல்வதும் கேரளாவுக்கு ஏற்றுகிறவர் சொல்வதும் ஒன்றாக இருக்காது, நடுவில் கமிஷன் இருக்கிறது. நான் "இன்றைய விலை" என்று எழுதி வைத்திருந்தது உண்மையில் யாருடைய விலையும் இல்லை என்று புரிந்தது. கண்டுபிடிப்பு என்றால் அவ்வளவுதான். ஆனால் அதற்கப்புறம் இன்றுவரை ஓர் எண்ணைப் பார்த்தால் "இது யார், எப்போ சொன்னது?" என்று கேட்காமல் என்னால் தாண்டிப் போக முடியவில்லை.

வெளித் தேர்வாளர் வந்தார். ஒரே மத்தியானத்தில் ஒரு மேசை நிறைய ஸ்பைரல். என்னுடையதைத் திறந்து பார்த்தாரா என்று தெரியவில்லை. ஈரோட்டுக்காரனுக்கும் எனக்கும் ஒரே மாதிரி மதிப்பெண். சில வருடம் கழித்து அந்தப் பிரதிகள் எல்லாம் பழைய பேப்பர் கடைக்குப் போய்விட்டன. மேடத்தின் பதிவேட்டில் என் ப்ராஜெக்ட் பற்றி ஒரு வரியும் இல்லை, அதற்கு ஒரு கட்டமே இல்லை.

இளங்கலை ஆய்வு என்றால்

ஆய்வு என்றாலே முனைவர் பட்டம், ஆய்வகம், பெரிய நிதி என்று ஒரு பிம்பம் இருக்கிறது. இளங்கலை மாணவருக்குப் பாடம் போதும், ஆய்வு அப்புறம் என்பது பழைய வரிசை. இந்த வரிசையைத் திருப்பிப் போட்ட இடங்களில் ஒன்று அமெரிக்காவின் எம்ஐடி. போலராய்டு கேமராவைக் கண்டுபிடித்த எட்வின் லேண்ட் 1957இல் அங்கே ஓர் உரை நிகழ்த்தினார். மாணவர் உள்ளே வரும்போதே அவருக்கென்று சொந்தமாக ஓர் ஆய்வு வேலை இருக்கணும், கூடவே ஒரு வழிகாட்டி இருக்கணும் என்பது அவர் வாதம். அதே எம்ஐடியில் படித்து அங்கேயே ஆசிரியரான மார்கரெட் மெக்விகர் என்ற இயற்பியலாளர் 1969இல் அதை ஒரு திட்டமாக ஆக்கினார். இளங்கலை மாணவர் ஒரு பேராசிரியரின் உண்மையான ஆய்வில் சேர்ந்து வேலை செய்யலாம், அதற்குச் சம்பளமோ பாடத்துக்கான கிரெடிட்டோ கிடைக்கும். 1978இல் அமெரிக்காவின் சிறிய கல்லூரிகளில் இருந்த வேதியியல் ஆசிரியர்கள் சேர்ந்து இளங்கலை ஆய்வுக்கென்றே ஒரு மன்றம் தொடங்கினார்கள். பெரிய பல்கலைக்கழகங்கள் மட்டும்தான் ஆய்வு செய்யுமா என்ற கோபமும் அதற்குள் இருந்திருக்கும் என்பது என் ஊகம். சின்னக் கல்லூரியில் வேலை பார்க்கிறவனுக்கு அந்தக் கோபம் புரியும்.

மெக்விகர் பெயரில் இன்று எம்ஐடியில் ஒரு கௌரவம் இருக்கிறது. அது இளங்கலை மாணவர்களுக்குச் சிறப்பாகக் கற்பிக்கும் ஆசிரியர்களுக்குக் கொடுப்பது. மாணவர் ஆய்வுத் திட்டத்தைத் தொடங்கினவர் பெயரில் ஆசிரியருக்கு மரியாதை. இரண்டும் ஒரே வேலையின் இரண்டு பக்கம் என்பதை அவர்கள் புரிந்துகொண்டிருக்கிறார்கள்.

என் அளவில் மூன்று விஷயம் இருந்தால் அது இளங்கலை ஆய்வு. கேள்வி மாணவருடையதாக இருக்கணும், அல்லது கொடுத்த கேள்வியை அவர் தனதாக்கிக்கொண்டிருக்கணும். பதில் ஏற்கெனவே புத்தகத்தின் பின்பக்கத்தில் இருக்கக் கூடாது. செய்தது எப்படி என்று இன்னொருவர் கேட்டால் விளக்கத் தெரியணும். இந்த மூன்றும் தக்காளி மண்டியிலும் நடக்கும், அணுக்கரு ஆய்வகத்திலும் நடக்கும்.

சென்னையில் மூன்று கதை

இதெல்லாம் வெள்ளைக்காரன் ஏற்பாடு, நமக்கு ஒத்து வராது என்பவர்களுக்கு மூன்று கதை சொல்லணும்.

ஒன்று, சி.வி. ராமன். சென்னை மாநிலக் கல்லூரியில் முதுகலை படித்துக்கொண்டிருந்தபோது, 18 வயதில், 1906 நவம்பரில் லண்டனில் இருந்து வரும் ஃபிலசாஃபிகல் மேகசின் என்ற அறிவியல் இதழில் அவருடைய முதல் கட்டுரை வந்தது. செவ்வகத் துளை வழியாகப் போகும் ஒளி பற்றியது. கட்டுரையைத் தன் பேராசிரியரிடம் கொடுத்து, மாதக்கணக்கில் பதில் வராததால் தானே நேராக அனுப்பிவிட்டார் என்று அவர் வாழ்க்கையை எழுதினவர்கள் சொல்கிறார்கள். அவரைத் தடுக்காமல் விட்டதே பெரிய உதவி என்று வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம். எல்லோரும் ராமன் இல்லை. படித்துப் பார்த்துச் சொல்ல ஆள் இல்லை என்றால் நூற்றில் தொண்ணூற்றொன்பது பேர் அந்தக் காகிதத்தை மடித்து வைத்துவிட்டு வேலை தேடப் போய்விடுவார்கள்.

இரண்டு, அவருடைய அண்ணன் மகன் சுப்பிரமணியன் சந்திரசேகர். அதே கல்லூரி, இயற்பியல் ஹானர்ஸ், இளங்கலை. 1928இல் ஜெர்மன் இயற்பியலாளர் அர்னால்ட் சாமர்ஃபெல்ட் சென்னைக்கு வந்தார். அவருடைய புத்தகத்தை வரிவரியாகப் படித்து வைத்திருந்த மாணவர் போய் அவரைச் சந்தித்தார். சாமர்ஃபெல்ட் சொன்னது என்னவென்றால், அந்தப் புத்தகத்தில் இருக்கும் இயற்பியல் பழசாகிவிட்டது, புதுக் குவாண்டம் இயற்பியல் வந்துவிட்டது. சொன்னதோடு விடவில்லை. உலோகங்களில் எலெக்ட்ரான்கள் பற்றி அவர் எழுதி, அச்சாகிக்கொண்டிருந்த கட்டுரையின் மெய்ப்புத் தாள்களை மாணவர் கையில் கொடுத்தார். அதைப் பிடித்துக்கொண்டு சந்திரசேகர் சொந்தமாக வேலை செய்து எழுதிய கட்டுரை 1929இல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் வந்தது. அதை அங்கே சமர்ப்பித்தவர் கேம்பிரிட்ஜின் ஆர்.எச். ஃபவுலர். 1930இல் அரசு உதவித்தொகையில் கேம்பிரிட்ஜ் போனபோது அதே ஃபவுலரிடம்தான் ஆராய்ச்சி மாணவராகச் சேர்ந்தார். நோபல் பரிசு 1983இல் வந்தது.

இங்கே பாராட்டு எது என்று பாருங்கள். சால்வை இல்லை. ஒரு பெரிய மனிதர் ஒரு பையனை மெய்ப்புத் தாள் கொடுக்கத் தகுந்த ஆளாக மதித்தது. இன்னொருவர் முன்பின் பார்த்திராத மாணவரின் கட்டுரையைப் படித்து, தகுதி இருக்கிறது என்று தன் பெயரைப் போட்டு முன்னே அனுப்பியது. இரண்டுமே அடுத்த கதவைத் திறந்துவிட்டன.

மூன்றாவது கதை எனக்கு ரொம்பப் பிடித்தது, ஏனென்றால் இதில் நாயகன் ஆசிரியர். சார்லஸ் ரசீன் என்ற பிரெஞ்சு ஏசு சபைப் பாதிரியார். பாரிஸில் எலி கார்ட்டன் என்ற பெரிய கணிதமேதையிடம் முனைவர் பட்டம் பெற்றவர். 1937இல் இந்தியா வந்து முதலில் திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரி, அப்புறம் சென்னை லயோலா. அந்தக் காலத்தில் இங்கே கணிதம் என்றால் பெரும்பாலும் கேம்பிரிட்ஜ் தேர்வு முறைக் கணக்குகள்தான். ரசீன் தன் இளங்கலை ஹானர்ஸ் மாணவர்களுக்குப் பாடத்திட்டத்தில் இல்லாத நவீனக் கணிதத்தைக் காட்டினார், புதுப் புத்தகங்களைப் படிக்க வைத்தார். நன்றாகப் படிக்கிற பையன் என்றால் வீட்டில் ஐஏஎஸ் கனவு இருக்கும். ரசீன் மும்பை டாடா ஆய்வு நிறுவனத்தின் பக்கம் கையைக் காட்டினார்.

அப்படிப் போனவர்களில் எம்.எஸ். நரசிம்மனும் சி.எஸ். சேஷாத்ரியும் உண்டு. இருவரும் 1932இல் பிறந்தவர்கள், ஒருவர் வட ஆற்காட்டுத் தண்டரை, மற்றவர் காஞ்சிபுரம். இருவரும் 1953இல் டாடா நிறுவனத்தில் சேர்ந்தார்கள். 1965இல் இருவரும் சேர்ந்து வெளியிட்ட தேற்றம் நரசிம்மன்–சேஷாத்ரி தேற்றம் என்று உலகம் முழுக்கத் தெரியும். இருவரும் பின்னால் ராயல் சொசைட்டியின் உறுப்பினர்கள் ஆனார்கள். சேஷாத்ரி தொடங்கியதுதான் இன்றைய சென்னை கணிதக் கழகம். ராகவன் நரசிம்மன், 36 வயதில் மறைந்துபோன மேதை சி.பி. ராமானுஜம் ஆகியோரும் ரசீனின் லயோலா மாணவர்கள்தான். ஒரே கல்லூரி, ஓர் ஆசிரியர், எல்லாம் இளங்கலை வகுப்பு. ரசீன் 1976இல் காலமானார்.

இப்போது ஒரு கேள்வி. ரசீன் இன்று நம் கல்லூரிகளில் ஒன்றில் உதவிப் பேராசிரியராக இருந்து, இந்த வேலைக்காகப் பதவி உயர்வு கேட்டால் எத்தனை மதிப்பெண் கிடைக்கும்?

வழிகாட்டிக்கு எத்தனை மதிப்பெண்?

விளையாட்டுக்குக் கேட்கவில்லை. ஆசிரியர் நியமனம், பதவி உயர்வு பற்றிய யுஜிசியின் 2018 விதிமுறையில் ஆராய்ச்சி மதிப்பெண் அட்டவணை இருக்கிறது. வழிகாட்டுதல் என்ற தலைப்பின் கீழ், ஒரு மாணவர் முனைவர் பட்டம் பெற்றால் 10. ஆய்வேட்டைச் சமர்ப்பித்திருந்தால் 5. எம்ஃபில் அல்லது முதுகலை ஆய்வேடு என்றால் 2. அதோடு வரிசை முடிந்தது. இளங்கலை ப்ராஜெக்ட் என்ற வார்த்தை அந்த வரிசையில் இல்லை. எங்கள் மேடத்தின் சிவப்புப் பேனாவுக்கு அந்த அட்டவணையில் 0.

மதிப்பெண் இருந்தால்தான் ஆசிரியர் வேலை செய்வாரா என்று கேட்கலாம். மேடம் செய்தாரே. சரிதான். ஆனால் ஒரு துறையில் நாற்பது, ஐம்பது மாணவர்கள், கைடுகள் நாலைந்து பேர். அதில் பலர் குறைந்த தொகுப்பூதியத்தில் இருக்கிற கௌரவ விரிவுரையாளர்கள். வாரத்துக்கு இத்தனை மணி வகுப்பு என்று கணக்கு உண்டு, ப்ராஜெக்ட்டுக்குப் பெயரளவில் ஒன்றிரண்டு மணிதான். ஒரு மாணவரை மண்டிக்கு அனுப்பி, அவர் எழுதி வருவதைப் படித்து, திருப்பி அனுப்பி, மறுபடி படிக்க எவ்வளவு நேரம் ஆகும்? அந்த நேரத்தில் ஆசிரியர் தன் பெயரில் ஒரு கட்டுரை போட்டால் மதிப்பெண் உண்டு. ஆசிரியர் கெட்டவர் இல்லை, அட்டவணை அவரை அந்தப் பக்கம் தள்ளுகிறது. மாணவரும் கெட்டவர் இல்லை. யாரும் படிக்கப் போவதில்லை என்று தெரிந்த பின் எதற்கு மண்டியில் நிற்கணும்? ஜெராக்ஸ் கடை பிழைப்பது இந்த இடைவெளியில்தான். கடையைத் திட்டி ஒன்றும் ஆகப் போவதில்லை.

மாற்றம் கொஞ்சம் வராமல் இல்லை. 2022 டிசம்பரில் யுஜிசி வெளியிட்ட நான்காண்டு இளங்கலைச் சட்டகத்தில், முதல் ஆறு பருவத்தில் 75 சதவீதமும் அதற்கு மேலும் எடுத்தவர்கள் நான்காம் ஆண்டில் 12 கிரெடிட் ஆய்வேடு செய்து "ஆய்வுடன் ஹானர்ஸ்" பட்டம் வாங்கலாம். நம் மாநிலக் கல்லூரிகள் பெரும்பாலும் மூன்றாண்டு முறையில் இருப்பதால் அது நம்மைத் தொடவில்லை. தொட்டாலும் 75 சதவீதம் என்ற வேலி எனக்கு உறுத்துகிறது. மேடம் என் மதிப்பெண் பட்டியலைப் பார்த்துவிட்டு மண்டிக்கு அனுப்பியிருந்தால் நான் போயிருக்கவே மாட்டேன்.

நம் மாணவர்களுக்கு உண்மையில் கைக்கு எட்டுகிறவை இரண்டு. தமிழ்நாடு மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றத்தின் மாணவர் திட்ட நிதியுதவி, இதில் மாணவரும் வழிகாட்டியும் சேர்ந்து கல்லூரி வழியாக விண்ணப்பிக்கணும். இன்னொன்று மூன்று தேசிய அறிவியல் அகாடமிகள் சேர்ந்து நடத்தும் இரண்டு மாதக் கோடைக்கால ஆய்வு உதவித்தொகை. இந்த இரண்டாவதில் ஒரு நல்ல அம்சம், மாணவர்களோடு கல்லூரி ஆசிரியர்களும் விண்ணப்பிக்கலாம். ஆசிரியரும் கற்றுக்கொள்ளணும் என்று ஒத்துக்கொண்ட திட்டம் அது.

படைப்பு என்றால்?

எங்கள் பாராட்டு நாளின் தலைப்பிலேயே "ஆய்வும் படைப்பும்" என்று இருக்கிறது. ஓவியம், குறும்படம், கதை இவற்றை ஆய்வு மாதிரி அளக்க முடியுமா என்று குழுவில் ஒருவர் கேட்டார். அளக்க வேண்டியதில்லை, காட்ட இடம் கொடுத்தால் போதும். நம் ஊரில் இதற்கு முன்மாதிரி கே.சி.எஸ். பணிக்கர். சென்னை அரசு ஓவியக் கல்லூரியின் முதல்வர். கலை படித்து வெளியே வரும் மாணவர்கள் வயிற்றுப்பாட்டுக்காக ஓவியத்தை விட்டுவிடுவதைப் பார்த்தார். 1966இல் தன் மாணவர்களோடும் கலைஞர்களோடும் சேர்ந்து சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைத் தொடங்கினார். பாத்திக் போன்ற கைவினைப் பொருள்களைச் செய்து விற்று, அந்தப் பணத்தைச் சேர்த்து நிலம் வாங்கினார்கள். மாணவரின் படைப்புக்கு ஓர் ஆசிரியர் செய்யக்கூடியது என்ன என்று கேட்டால் இதைவிடப் பெரிய பதில் எனக்குத் தெரியவில்லை. நமக்கு நிலம் வாங்க முடியாது. ஒரு வாரம் நூலகச் சுவரைக் கொடுக்கலாம்.

தேவாங்கும் நாமும்

இனி எங்கள் ஊர்க் கதைக்கு வருகிறேன். பெயரை எழுதி வைப்பது ஏன் முக்கியம் என்பதற்கு இதுதான் எனக்குப் பட்ட உதாரணம்.

திருதிருவென்று விழித்தால் "ஏன்டா தேவாங்கு மாதிரி முழிக்கிற" என்று திட்டு வாங்கி வளர்ந்தவர்கள் நாங்கள். அந்தத் தேவாங்கு எங்கள் ஊர்க் காட்டில் இருக்கிறது. இரவில் பூச்சி தின்று திரியும், கால் கிலோ சுமாருக்கு மேல் தேறாத, பெரிய கண் உள்ள குரங்கினத்துச் சொந்தக்காரர். 1997–98இல் அன்னா நெகாரிஸ் என்ற, அமெரிக்காவில் முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்த பெண் அய்யலூர் காட்டில் ராத்திரி ராத்திரியாகத் தேவாங்குகளைப் பின்தொடர்ந்து பதிவு செய்தார். மைசூர் பல்கலைக்கழகத்தில் இருந்து சிந்து ராதாகிருஷ்ணாவும் மேவா சிங்கும் திண்டுக்கல் பகுதித் தேவாங்குகளின் வாழ்க்கையை ஆராய்ந்து எழுதினார்கள். இன்று உலகத்தில் யார் தேவாங்கைப் பற்றி எழுதினாலும் இந்த வேலைகளைத் தொடாமல் போக முடியாது. 2022 அக்டோபரில் தமிழ்நாடு அரசு கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேர் காட்டைக் கடவூர் தேவாங்கு சரணாலயம் என்று அறிவித்தது. இந்தியாவில் தேவாங்குக்கென்று முதல் சரணாலயம்.

அந்தக் காட்டின் ஓரத்தில் இருந்து பஸ் ஏறி வந்து திண்டுக்கல்லில் விலங்கியல் படித்த பிள்ளைகள் எத்தனையோ பேர். அவர்களில் ஒருவராவது இளங்கலையில் தேவாங்கைப் பற்றி ஏதாவது எழுதியிருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். கல்லூரிகளில் தேடினால் பிரதி இருக்காது, என் தக்காளி போன இடத்துக்கே அதுவும் போயிருக்கும்.

வெளியில் இருந்து வந்தவர்கள் மேல் எனக்கு வருத்தமே இல்லை. அவர்கள் ராத்திரியில் முள்ளுக்குள் நடந்தார்கள், எழுதினார்கள், எழுதியது நிற்கிறது. வருத்தம் நம் மேல். தேவாங்கு வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிற விலங்கு. வனத்துறை அனுமதி இல்லாமல் மாணவர்களைக் காட்டுக்குள் அனுப்பக் கூடாது. ஆனால் வீட்டில் உட்கார்ந்தே செய்யக்கூடிய ஆய்வு எவ்வளவோ இருக்கிறது. தேவாங்கைப் பார்த்தால் ஆகாது என்று ஏன் சொல்கிறார்கள், எந்த வேலியில் முன்பு பார்த்தார்கள், வேலி போய்க் கம்பி வந்த பிறகு என்ன ஆயிற்று என்று பாட்டிகளிடம் கேட்டு எழுத ஒரு நோட்டுப் புத்தகமும் ஒரு கைடும் போதும். காந்திகிராமப் பல்கலைக்கழகத்தில் மாணவர்கள் கிராமத்தில் தங்கி வேலை செய்வது படிப்பிலேயே ஒரு பகுதியாக இருக்கிறது. அந்தப் பழக்கம் நம் மாவட்டத்துக்குப் புதிதில்லை.

அப்போ எப்படிப் பாராட்டுவது?

குழுவுக்கு நான் எழுதிக் கொடுத்தது இவ்வளவுதான்.

1. பரிசு பெற்றாலும் பெறாவிட்டாலும் ஒவ்வொரு ப்ராஜெக்ட்டுக்கும் தமிழிலோ ஆங்கிலத்திலோ ஒரு பக்கச் சுருக்கம். கேள்வி, செய்த முறை, கிடைத்தது, கிடைக்காதது. அதற்கு ஓர் எண் கொடுத்து நூலகத்தில் நிரந்தரமாக வைக்கணும். அடுத்த வருட மாணவர் முதலில் அதைப் படிக்கணும்.

2. யார் என்ன செய்தார்கள் என்று எழுதணும். உலக ஆய்விதழ்கள் பலவற்றில் இப்போது 14 வகைப் பங்குகளைப் பட்டியலிட்டு, ஆளாளுக்கு எது என்று குறிக்கிறார்கள். கேள்வி யாருடையது, தரவு யார் எடுத்தது, யார் எழுதியது, யார் மேற்பார்வை என்று பிரித்துவிட்டால் சண்டை குறையும். மாணவர் செய்ததை ஆசிரியர் தன் பெயரில் முதலில் போட்டுக்கொள்வதும், ஒன்றும் செய்யாத ஆசிரியர் பெயர் ஒட்டிக்கொள்வதும் கொஞ்சம் கஷ்டமாகும். தகவல் கொடுத்த மண்டிக்காரர், காட்டைக் காட்டினவர், அவர்கள் சம்மதித்தால் அவர்கள் பெயரும் அதில் வரணும்.

3. தேர்வு, பைண்டிங்கைப் பார்த்து நடக்கக் கூடாது. மாணவர் பத்து நிமிடம் பேசணும், வேறு துறை ஆசிரியர் ஒருவரும் வெளியாள் ஒருவரும் கேள்வி கேட்கணும். தக்காளி ஆய்வு என்றால் மண்டியில் இருந்து ஒருவரைக் கூப்பிடலாம். ஈரோடு அங்கேயே பிடிபட்டுவிடும்.

4. வழிகாட்டுதலுக்கு வேலை நேரத்தில் மணி ஒதுக்கணும், ஒரு கைடுக்கு எத்தனை மாணவர் என்று வரம்பு வைக்கணும், ஆண்டு மதிப்பீட்டுப் படிவத்தில் அதற்கு ஒரு கட்டம் வேணும். யுஜிசி அட்டவணையை நாம் மாற்ற முடியாது, நம் கல்லூரிப் படிவத்தை மாற்றலாம்.

5. வழிகாட்டிக்கு விருது கொடுப்பதானால் எண்ணிக்கையை வைத்துக் கொடுக்கக் கூடாது. "கைடு சொன்னதால் உன் ஆய்வில் என்ன மாறியது?" என்று மாணவர்களிடம் எழுதி வாங்கணும். பதில் மொட்டையாக இருந்தால் விருது இல்லை.

6. எதிர்பார்த்தது வராத ஆய்வுக்கும் ஒரு பரிசு. "இன்றைய விலை என்று ஒன்று இல்லை" என்பதும் ஒரு முடிவுதான்.

மேடம்

இதை எழுதும்போது மேடத்துக்குப் போன் பண்ணினேன். ஓய்வு பெற்று வருடங்கள் ஆகின்றன. விஷயத்தைச் சொல்லிவிட்டு, "மொத்தம் எத்தனை ப்ராஜெக்ட் கைடு பண்ணியிருப்பீங்க மேடம்?" என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் யோசித்தார். "எழுதி வச்சுக்கலையேப்பா. வருசா வருசம் பத்துப் பன்னெண்டு பேரு வருவீங்க. யாரு என்ன பண்ணீங்கன்னு இப்ப கேட்டா..." சிரித்தார். "உன்னது ஞாபகம் இருக்கு. ஈரோடு."

எனக்குத் தக்காளி ஞாபகம் இருக்கும் என்று நினைத்திருந்தேன். அவருக்கு நின்றது ஈரோடு. அது நியாயம்தான். அத்தனை வருட வேலையில் எதை ஞாபகம் வைத்துக்கொள்ள முடியும்? அதற்குத்தானே எழுதி வைக்கணும் என்கிறோம்.

குழு என் ஆறில் மூன்றை ஏற்றுக்கொண்டது: ஒரு பக்கச் சுருக்கம், பங்குப் பட்டியல், வாய்மொழித் தேர்வு. கைடுக்கு மணி ஒதுக்குவது "மேலே கேட்கணும்" என்று நிற்கிறது. சால்வையும் பிரியாணியும் அப்படியே இருக்கின்றன. பொருளாதாரம் இரண்டாம் வருடத்துப் பெண்கள் இரண்டு பேர் ஆட்டுச் சந்தையில் எடை போடாமல் கையால் தொட்டுப் பார்த்தே எப்படி விலை பேசுகிறார்கள் என்று பார்க்கப் போகிறார்கள். வரும் வியாழன் விடியக்காலை நானும் கூடப் போகிறேன். நூலகத்தில் ஒரு புது நோட்டுப் போட்டாயிற்று, முதல் பக்கத்தில் இரண்டு பெயரும் தேதியும் எழுதியிருக்கிறேன். கைடு என்ற இடத்தில் என் பெயரை எழுதும்போது கொஞ்சம் தயக்கமாகத்தான் இருந்தது. இன்னும் நான் ஒன்றும் செய்யவில்லையே.